ஜரிகை ரிப்பன்

சைலஸுக்குக் குதிரைகளின் மேல் துளி நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகக் குதிரையோடு பிழைப்பவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் பெங்களூரில் அவன் வேலை பார்க்கும் சவாரி கிளப்பில், அவன் பிடித்த குதிரையால் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. குரல் கொடுக்காமல் குதிரையைத் தொடமாட்டான். போட்டிக்குப் பிள்ளைகள் ஏறும்போது சேணத்தின் வயிற்றுப்பட்டையை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான், ஹெல்மெட் வாரை மூன்று தரம். "இவன் பாத்து முடிக்கறதுக்குள்ள நம்ம ட்ரெய்ன் போயிடும்" என்பான் காத்தவராயன்.

காத்தவராயன் ஆண்டர்சன்பேட்டைக்காரன், அதே கிளப்பில் குதிரை பார்ப்பவன். சைலஸ் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரன். ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு ஒரே காலை ரயிலில் ஏறி, ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு போனவர்கள்.

கிளப்பில் ரூபி என்றொரு குதிரை. கண்டபடி உதைக்கும். அதே நிறத்தில் இன்னும் இரண்டு குதிரைகள் உண்டு; பின்னாலிருந்து பார்த்தால் வால் ரிப்பனை வைத்துத்தான் அடையாளம். உதைக்கிற குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டவேண்டும் என்பது போட்டி மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி. சைலஸ் கட்டுவது சர்ச் கிறிஸ்மஸ் தோரணத்தில் மிஞ்சியது, ஓரத்தில் பொன் ஜரிகை ஓடும். "இன்னாடா, குதிரைக்குக் கிறிஸ்மஸா?" என்று கேட்டுக்கொண்டே காத்தவராயன் பத்தடி தள்ளிப் போவான்.

அந்தப் போட்டிக்கு ரூபியை வாங்க ஆட்கள் வந்திருந்தார்கள். மேனேஜர் ரோனி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"சைலஸ், ரிப்பனை அவுத்துடு. அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும்தான். அஞ்சு நிமிஷம்."

"ஒதைக்கும் சார்."

"நீதான் புடிச்சிருக்கியே. அவுருன்னா அவுரு!"

அவிழ்த்தான். இதை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது. யாருக்காகவும் ஒரு வாரைத் தளர்த்தாத மனுஷன், ஒரு அதட்டலுக்குப் பயந்து அவிழ்த்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். மூன்றாவது நிமிஷம் தண்ணீர் வாளியோடு வந்த காத்தவராயன், வாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரூபியின் பின்னால் குறுக்கே நடந்தான். சைலஸ் "டேய்" என்று வாயெடுப்பதற்குள் உதை விழுந்துவிட்டது.

தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. எல்லோரும் அவனைத் தூக்க ஓடியபோது ரோனி மட்டும் சேணப் பெட்டியிலிருந்து சாதாரணச் சிவப்பு ரிப்பன் ஒன்றை எடுத்து ரூபியின் வாலில் கட்டினார். பிறகு போட்டோ எடுத்தார். கடிவாளத்தைப் பிடித்தபடி சைலஸ் அத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றான். உதை விழுந்தபோது ரிப்பன் இருந்தது என்று ரோனி எழுதிய தாளில், மறுநாள் சாட்சிக் கையெழுத்தும் போட்டான்.

மூன்று வாரம் ஆண்டர்சன்பேட்டைப் பக்கமே போகவில்லை. ரயிலில் பக்கத்து இடத்தில் யாராவது உட்கார்ந்தால்கூட எரிச்சல் வந்தது. நாலாவது ஞாயிறு, ஆராதனை முடிந்து நேராகப் போனான்.

காத்தவராயனின் மனைவி லதா கதவைத் திறந்தாள். "வாங்கண்ணா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான் காத்தவராயன். தலைமாட்டில் கிளப் அனுப்பிய கடிதமும் அந்தப் போட்டோவும். ரிப்பன் கட்டியிருந்தும் கவனிக்காமல் போனதால் இனி வேலைக்கு வரவேண்டாமாம். எதிரே கொடியில் லதாவின் சிவப்புப் புடவை ஒன்று தனியாகத் தொங்கியது.

"அது காயப்போட்டது இல்லண்ணா" என்றாள் லதா. "தெனம் காலைல கண்ணு முழிச்சதும் செவப்பு தெரியுதான்னு பாக்கறாரு. டாக்டர் கண்ணு நல்லா கீதுன்றாரு, இவுரு நம்ப மாட்டேன்றாரு."

"நான் பாத்தேன் மச்சான்" என்றான் காத்தவராயன். "வால்ல ஒண்ணும் இல்ல. நீ மறக்கறவன் இல்ல, அதான் இது ரூபி இல்ல, வேற குதிரைன்னு தைரியமா போனேன். ஆனா போட்டோல கீதே! எனக்கு இன்னாடா ஆச்சு?"

சைலஸ் சட்டைப்பையிலிருந்த ஜரிகை ரிப்பனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான்.

"போட்டோல ஜரிகை கீதா, பாரு. உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் அவுத்தேன். அது அப்புறமா கட்டினது."

காத்தவராயன் ரிப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "செவப்புதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டான். கண் நிறைந்து வழிந்தது. பிறகு லதாவிடம் பேனாவும் பேப்பரும் கொண்டுவரச் சொன்னான்.

"சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க சைலஸ்" என்றான்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் சைலஸை 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.