அத்தானின் சோளமும் அக்காவின் எலுமிச்சையும்

என் அக்கா வீட்டுக்காரரை, அதாவது என் அத்தானை, பொறுமைசாலி என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷர். ஆறு பதினேழுக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஆறு பத்தொன்பதுக்குக் கிளம்பினால், டிரைவருக்கு முன்னால் இவருக்கு வியர்த்துவிடும். வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான். ஏழு நாற்பதுக்குத் தட்டு வராவிட்டால் திட்டமாட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரத்தைப் பார்ப்பார். திட்டித் தொலைத்தாலே தேவலை என்பாள் அக்கா.

நான் நர்சரியில் வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து செடிக்குத் தண்ணீர் விட்டு, கன்றுகளைப் பை மாற்றி, வருகிறவர்களிடம் வாய் வலிக்கப் பேசி விற்கிற வேலை. அத்தான் எனக்கு வைத்த பெயர் வாயாடி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் உண்மைதான், அதை மறைப்பானேன்.

அத்தான் ஓய்வு பெற்று இரண்டே மாதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த அக்கா, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நர்சுகளிடம் மாத்திரை விவரத்தைத் துருவித் துருவிக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். நடக்கலாம், தோட்டவேலை செய்யலாம், கோபம் மட்டும் வேண்டாம் என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

வீட்டின் பின்பக்கம், சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு துண்டு நிலம். பன்னிரண்டு அடிக்குப் பத்து அடி. பக்கத்து வீட்டு மாடி நிழல் விழாத இடம் அது ஒன்றுதான். அக்காவுக்கு அங்கே ஓர் எலுமிச்சை மரம் வேண்டும். பல வருஷத்து ஆசை. அத்தானோ மறுபேச்சு இல்லாமல் மக்காச்சோளம் போட்டார்.

போட்ட அழகைக் கேளுங்கள். டிப்போவில் வண்டிகளை நிறுத்துகிற மாதிரி, சுவரை ஒட்டி ஒரே நேர்வரிசை. ஸ்கேல் வைத்து அளந்து இருபது குழி. விதைத்த தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். அஞ்சாம் நாள் முளைத்தது. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சரியான நேரத்துக்கு வண்டி வந்துவிட்ட பூரிப்பு. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, பூத்து, கதிரும் பிடித்தது. பறித்துத் தோலை உரித்தால் எல்லாம் பொக்கை வாய். அங்கே நாலு மணி, இங்கே மூணு மணி.

ஒரு கதிரைத் தூக்கிக்கொண்டு நேரே என் நர்சரிக்கு வந்துவிட்டார்.

"என்ன விதை குடுத்த நீ? பல்லு விழுந்த விதையா?"

"விதைய ஏன் அத்தான் திட்டுறீங்க? உச்சியில வர்ற பூவுலேருந்து தூள் காத்துல பறந்து வந்து, பக்கத்துச் செடிக் கதிர்ல தொங்குற நூல்மேல விழணும். நீங்க ஒரே லைன்ல நிக்க வெச்சா தூள் எல்லாம் சுவத்துலதான் விழும். சதுரமாப் போடுங்க. நாலு வரிசை, வரிசைக்கு அஞ்சு."

"லைன்ல நிக்கிறது தப்பா?" என்றார். முப்பத்தொரு வருஷத்தை நான் அவமானப்படுத்திவிட்ட மாதிரி முகம் தொங்கிப்போனது.

இரண்டாம் தடவை சதுரமாகப் போட்டார். அடேயப்பா, என்ன விளைச்சல்! தெருவில் வீட்டுக்கு இரண்டு கதிர். பறித்து ஒரு மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் இனிப்பு போய்விடும் என்று சொல்லிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? ஒரு மணி நேரம் கழித்து வீடு வீடாகப் போய், வேகவைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வந்தார். மூன்றாம் வீட்டுத் தையல்கார அம்மா கதவையே திறக்கவில்லை.

அக்காவின் பிறந்தநாளுக்கு நான் ஓர் எலுமிச்சை ஒட்டுக்கன்று கொண்டுபோனேன். முழங்கால் உயரம், பளபளவென்று இலை. அத்தான் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார்.

"எப்பக் காய்க்கும்?"

"மூணு வருஷத்துல ஒண்ணு ரெண்டு பாக்கலாம். மனசாரக் காய்க்க அஞ்சு வருஷம் ஆகும்."

"அஞ்சு வருஷமா! அதுக்குள்ள நான் இருபது தடவ சோளம் எடுத்துடுவேன்."

"இருபது தடவ கொத்தணும், இருபது தடவ விதைக்கணும், இருபது தடவ புடுங்கிப் போடணும். தண்ணியும் எருவும் எவ்வளவு குடுத்தாலும் உங்க சோளத்துக்குப் பத்தாது. பெருங்காத்து அடிச்சா படுத்துக்கும். அணில் பாதியத் தின்னுட்டுப் போகும். எலுமிச்சம்பழத்த எந்த அணிலாவது தொடுமா?"

"இலையப் புழு தின்னுமே. முள்ளு வேற."

"சோளத்து இலை மட்டும் கையக் கீறலையா? இங்க பாருங்க அத்தான், பறிச்ச அன்னிக்கே சோளத்தத் தின்னாகணும். இது அவசரமே படாது, மரத்துலயே காத்துக்கிட்டிருக்கும். உங்க சோளம் ஒரு கதிரக் குடுத்துட்டுச் செத்துப்போகும். இது முப்பது வருஷம் குடுக்கும்."

சொல்லி முடித்ததும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தான் கன்றைத் தூக்கித் துணி துவைக்கிற கல் பக்கத்தில், நிழலில், ஒரு பழைய வாளியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த வாளியிலேயே கன்று கிடந்தது. அக்கா பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டாள். வெயில் இல்லாமல் அது என்ன செய்யும், பாவம்! ஆறு மாதத்தில் நாலே நாலு புது இலை. பழைய இலை மஞ்சளடித்து உதிர்ந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் அங்கேயே இருந்தால் வேர் அழுகிவிடும், பிழைக்காது என்று எனக்குத் தெரியும். போகும்போதெல்லாம் அத்தானிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே?

அந்த வருஷத்தில் நாலாவது சோளமும் அறுத்தாயிற்று. நிலம் காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அத்தான் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது எலுமிச்சைய நடலாம்ல?"

"இல்ல, சோளம்தான்."

"சரி, சோளத்தையாவது போடுங்க. மண்ணு ஒரு வாரமாச் சும்மாக் கெடக்குதே?"

"பதினாறாம் தேதி செக்கப். முடிச்சுட்டு வந்து போடுறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செக்கப்புக்கும் சோளத்துக்கும் என்ன அத்தான் சம்பந்தம்? டாக்டர் வந்தா வெதச்சுத் தரப்போறாரு?"

அவர் கையில் இருந்த மண்கட்டியை விரலால் நசுக்கிக்கொண்டே இருந்தார். பின்கதவில் நின்ற அக்கா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படி இறங்கி வந்தாள்.

"நான் சொல்றேன். சுவத்துல எழுதியிருக்கிற தேதியெல்லாம் பாரு. ஒவ்வொண்ணும் செக்கப்புக்கு மறுநாள். மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அவங்க சொன்னா, மூணு மாசம்தான் தனக்கு எழுதியிருக்குன்னு இவருக்கு நெனப்பு. அதுக்கு ஒருநாள் மேல ஆகுற எதையும் தொடமாட்டாரு. போன மாசம் புதுச் செருப்பு வாங்கிக்கோங்கன்னேன். இருக்கிறதே போதும்னாரு." அவர் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

சுவரில் நாலு தேதி. எத்தனை தடவை அவற்றைப் பார்த்திருக்கிறேன்! அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான்தான். இவ்வளவு பேசுகிற எனக்கு அந்தத் தேதிகள் கண்ணில் படவே இல்லை.

அத்தான் மண்ணைப் பார்த்தபடியே சொன்னார். "பாதியில விட்டுட்டுப் போற மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான். மரத்த நட்டுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டா, நீ ஒத்தையா நின்னு தண்ணி ஊத்திக்கிட்டு…"

"ஊத்துறேன். ஒத்தையா ஊத்தணும்னாலும் ஊத்துறேன். ஆனா நீங்க உசுரோட இருக்கும்போதே, மூணு மாசத்துக்கு ஒரு தடவ உங்கள சாவுக்கு அனுப்பிவெச்சுட்டு, மறுபடியும் கூட்டிக்கிட்டு வரணுமா நான்? அந்த ஆஸ்பத்திரிக்குப் போற வாரம் பூரா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க. எனக்கு அஞ்சு வருஷம் வேணும். அதுக்கு மேலயும் வேணும். பேராசைன்னே வெச்சுக்கோங்க."

என் வாய் மூடியிருந்ததை அத்தான் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்திருப்பார். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா அரிசி களையப் போனாள். நான் டீயைக்கூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன். "உடனே வாடி. எவ்வளவு ஆழம் வெட்டணும்னு கேக்குறாரு."

நான் போனபோது அந்த நிலத்தின் நடுவில் வெயிலில் நின்று குழி வெட்டிக்கொண்டிருந்தார் அத்தான். சட்டை நனைந்திருந்தது.

"மெதுவா, மெதுவா! ஒண்ணரை அடி போதும். ஒட்டுப் போட்ட எடம் மண்ணுக்கு மேல தெரியணும். புதைச்சுடாதீங்க."

"தெரியும், தெரியும். உங்க நர்சரி நோட்டீசுல போட்டிருக்கு."

அவர் அதையெல்லாம் எப்போது படித்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "பதினாறாம் தேதி செக்கப் முடிச்சுட்டு நடலாமே?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"டாக்டர் அவரு ஆஸ்பத்திரியப் பாத்துக்கட்டும். நீ வாளியப் புடி."

வாளியைச் சாய்த்துக் கன்றை வெளியே எடுத்தோம். வேர் இன்னும் வெள்ளையாக, நல்ல உயிரோடுதான் இருந்தது. இரண்டு பேருமாகக் குழியில் இறக்கினோம். அக்கா ஒரு கப் தண்ணீரைச் சுற்றி ஊற்றினாள். அத்தான் மண்ணைக் கையாலேயே அணைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அஞ்சு வருஷத்துல இது எவ்வளவு அகலம் வரும்?"

"பத்தடி வரும் அத்தான். ரெண்டு வருஷத்துக்குச் சுத்திச் சோளம் போட்டுக்கலாம். அப்புறம் நிழல் விழுந்துடும். விளையாது."

நிழல் விழுந்துவிடும் என்பதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, கன்றின் அடியிலிருந்து சுவர் வரைக்கும் இழுத்தார்.

"ரெண்டு நாற்காலி போடணும். எடம் இருக்குமான்னு நல்லாப் பாத்துச் சொல்லு."

அக்கா கையில் காலிக் கப்போடு குழாயடிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அழுதாள்.