இரைச்சல் இல்லாத பிக்கப்

அந்த இரண்டு பிக்கப்புகளும் ஒரு வெள்ளைத் துண்டுக்குள் சுருட்டி மடிக்கப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தன. துண்டைப் பிரித்தால் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு கிடந்தன. விலக்குவதற்கு அண்ணன் இரண்டு கட்டைவிரல்களையும் கொடுத்து அழுத்த வேண்டியிருந்தது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து, கம்பி துடிப்பதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற காந்தக் கட்டைகள் அவை. தலை பின்னிக்கொண்டிருந்தவள் அப்படியே குனிந்து பார்த்தேன். உதட்டில் இடுக்கியிருந்த ஹேர்பின் நழுவிப் பறந்து, இரண்டில் அகலமானதன் மேல் டிக்கென்று ஒட்டிக்கொண்டது. அண்ணன் சிரித்தான். "ஏட்டி, தள்ளி நில்லு. ஒன்னயவே இழுத்துரும் போல இருக்கு."

எண்பதுகளின் தொடக்கம். தென்காசியில் எங்கள் வீட்டு மச்சில்தான் மெல்லிசைக் குழுவின் ஒத்திகை நடக்கும். அண்ணன் கிட்டார், நான் பாட்டு. பிக்கப்புகளைக் கொண்டுவந்தவரை மாமா என்போம். உறவு ஒன்றும் கிடையாது. கடையநல்லூரில் தறி போடுகிற குடும்பத்தில் பிறந்து, வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், விடுப்பில் ஊருக்கு வந்திருந்த அண்ணனின் கூட்டாளி. அவர் இவனை மாப்ள என்பார், இவன் அவரை மாமா என்பான், வீட்டில் எல்லாருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. முந்தைய விடுப்பில் அவர் கொடுத்துப்போன ஒரு கேசட்தான் அண்ணனைக் கெடுத்தது. அதில் யாரோ வெள்ளைக்காரர்கள் கிட்டாரை வாசிக்கவில்லை, பிளந்தார்கள். தடித்த, கறுத்த, அடிவயிற்றில் வந்து உட்காரும் சத்தம். ஆனிச் சாரலில் குற்றாலத்துப் பேரருவிக்குத் தண்ணீர் கூடி நிறம் மாறுவதற்கு முன்னால், மலைக்குள் எங்கோ பாறை புரள்கிற மாதிரி ஒரு முழக்கம் கேட்கும்; போலீஸ்காரர் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியே விரட்டும் நேரம் அது. எல்லாரும் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அண்ணன் மட்டும் அருவியடித் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நிற்பான். அவனுக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தம்.

அந்த வருஷம் அது வெறும் ஆசையாகவும் இல்லை. மெட்ராசில் பெரிய குழு நடத்துகிற ஒருவர் சீசனுக்குக் குளிக்கக் குற்றாலம் வந்து லாட்ஜில் தங்கியிருந்தார். சாரல் விழா மேடைக்கு நம்மைக் கேட்க வருகிறார், பிடித்தால் அண்ணனைக் கையோடு கூட்டிப்போவார் என்று பேச்சு. அண்ணன் சோறு சாப்பிடுவதை மறந்தான்.

எங்கள் பழைய கிட்டாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் இருந்தது ஒற்றைச் சுருள் பிக்கப். ஒயரைச் செருகியதும், யாரும் தொடாமலே, ஒரு குளவிக்கூடு போல இரையும். அந்த இரைச்சலை எல்லாரும் திட்டினோம், ஆனால் அதை வைத்துத்தான் பிழைத்தும் கிடந்தோம். அன்றைய மேடைகளில் மூன்று கால் பிளக்கை நான் பார்த்ததில்லை. மைக்செட் அண்ணாச்சி ஆம்ப்ளிஃபயர் ஒயரின் இரண்டு முனைகளையும் பல்லால் சீவி, சாக்கெட் ஓட்டைகளில் விட்டு, தீக்குச்சியைச் செருகி இறுக்கிவிடுவார். ஒரு விதமாகச் செருகினால் பெட்டி ஒழுங்காக இருக்கும். மாற்றிச் செருகினால் பெட்டியின் இரும்பு உடம்பிலேயே கரண்டு இறங்கி, ஒயர் வழியாகக் கிட்டார் கம்பி வரைக்கும் வந்து நிற்கும். எது எந்த விதம் என்று பார்த்துச் சொல்ல எந்த ஊர் மேடையிலும் ஆள் கிடையாது. கிட்டார்தான் சொல்லும். அண்ணன் முதலில் இரைச்சலைக் கேட்பான். "திருப்பிப் போடுங்க அண்ணாச்சி" என்பான். அண்ணாச்சி தீக்குச்சியைப் பிடுங்கி முனைகளை மாற்றிச் செருகுவார். இரைச்சல் எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் கரண்டு கடிக்காது. ஆலங்குளம், வாசுதேவநல்லூர், எங்கே போனாலும் சாமி கும்பிடுவதற்கு முன்பு இது நடக்கும். நான் இதற்கும் மேலே ஒரு கைக்குட்டையை மடித்து மைக்கின் வாயில் கட்டிக்கொள்வேன். பாடும்போது உதட்டில் எறும்பு கடித்தது போலச் சுள்ளென்றால், மற்றப் பாட்டுக்காரிகள் என்ன செய்வார்களோ, எனக்குப் பாட்டின் அடி மறந்துபோகும்.

மாமா கொண்டுவந்ததில் குறுகலானது ஒற்றைச் சுருள், அகலமானது இரட்டைச் சுருள். அண்ணன் மச்சில் பாய் விரித்து, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோலைச் சுட வைத்து, முதலில் குறுகலானதைப் பற்றவைத்தான். புது வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டியது போலத் தெளிவான சத்தம். சத்தத்தை உடைத்துத் தடிப்பாக்கும் சின்னப் பெட்டி ஒன்று வைத்திருந்தான். அதை மிதித்ததும் கிட்டாரோடு சேர்ந்து இரைச்சலும் தடித்தது. கம்பியைப் பொத்தி நிறுத்தினால் பாட்டு நின்றது, இரைச்சல் நிற்கவில்லை.

"இது சவுண்டாலே? ரைஸ்மில்லு ஓடுத மாதிரில்லா கிடக்கு" என்றார் மாமா.

பிறகு அகலமானது. அதைப் பற்றவைத்து, ஒயரைச் செருகிவிட்டு, மூன்று பேரும் காத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே செங்கோட்டைக் கணவாய்க் காற்று தென்னையை உலுக்குவது கேட்டது.

"கரண்டு வருதா இல்லியான்னே தெரியலியே மாப்ள!" என்று மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "செத்த வீடு மாதிரில்லா இருக்கு."

அண்ணன் தடித்த கம்பியை ஒரே ஒரு தரம் இழுத்தான். மச்சுப் பலகை அதிர்ந்தது. கீழே அடுக்களையில் ஏதோ பாத்திரம் உருண்டது. அவன் உள்ளங்கையால் கம்பியைப் பொத்தினான். கத்தியால் அறுத்த மாதிரி மௌனம். மறுபடி இழுத்தான், பொத்தினான். முழக்கம், மௌனம். நடுவில் ஒரு தூசி இல்லை. பிக்கப்பைத் திருகாணியால் கம்பிக்கு இன்னும் பக்கத்தில் தூக்கினான். சத்தம் பெருத்தது, ஆனால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்க, சுருதி கோணியது. கொஞ்சம் இறக்கினான். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. ரொம்ப நாளாகத் தேடிய ஆள் வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கிற முகம். எனக்கு ஏனோ எழுந்து விளக்கைப் போட வேண்டும் போலிருந்தது. பகல்தான்.

"இதுதான் மாமா" என்றான். "இன்னொண்ண நீங்களே வச்சுக்கிடுங்க."

விழா மேடைக்கு நாங்கள் போனது சாயங்காலம். சாரல் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே பலகை மேடை, நடுவில் காய்ந்திருந்தது, ஓரமெல்லாம் ஈரம். ஜனம் குடை பிடித்து நின்றது. முன்வரிசையில் சால்வை போர்த்திய ஒருவரைக் காட்டி, அவர்தான் மெட்ராஸ்காரர் என்றார்கள். அண்ணாச்சி சாக்கெட்டில் தீக்குச்சியைச் செருகிவிட்டு, வழக்கம் போல அங்கேயே குந்தி, அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் ஒயரை மாட்டினான். பெட்டி ஒரு மூச்சுக்கூட விடவில்லை.

"திருப்பிப் போடவாய்யா?" என்றார் அண்ணாச்சி.

"போட்டுப் பாருங்க."

மாற்றிச் செருகினார். அதே மௌனம். மறுபடி மாற்றினார். அதுவும் அப்படியே. அண்ணாச்சி காதைச் சாய்த்துப் பார்த்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "என்னய்யா, ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கு?"

"சாமான் அப்படி அண்ணாச்சி. ரெண்டு சுருளும் ஒண்ணோட எரைச்சல ஒண்ணு தின்னுரும். ஃபாரின் சாமானுல்லா."

"எண்ணே, எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"இதுக்குப் பக்கமே கெடையாதுட்டி" என்றான். "நீ கைக்குட்டையக் கட்டு, போ."

ரப்பர் செருப்போடு காய்ந்த பலகையில் நின்று வாசிக்கிறவனைக் கரண்டு தொடாது. அவனும் மூன்று பாட்டு, நான்கு பாட்டு என்று வாசித்துக்கொண்டே போனான். அதன்பின் எங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, தனியாக, கேசட்டிலிருந்து அவன் தனக்காக உருட்டி உருட்டிச் செய்துவைத்திருந்த அந்த இசைத்துண்டை எடுத்தான். பேச்சை நிறுத்தாத சீசன் கூட்டம் வாயை மூடியது. அருவி முழங்குகிறதா, கிட்டார் முழங்குகிறதா என்று பிரிக்க முடியவில்லை. கடைசிச் சுரத்தை இழுத்து, அது நடுங்கி நிற்கும்போதே, குழுவின் பெயரைச் சொல்வதற்காக மைக்கை நோக்கி வந்தான். அதற்கு முன் மேடையில் அவன் வாய் திறந்து பேசியதே இல்லை. மைக் வேறொரு பெட்டியிலிருந்து வந்தது. அதன் இரும்புக் கால் மேடை விளிம்பை ஒட்டி ஈர மண்ணில் ஊன்றியிருந்தது. இடது கை கம்பியை விடவில்லை. மைக்கில் நான் கட்டிய கைக்குட்டை சாரலில் ஊறிப்போயிருந்தது. உதடு அதைத் தொட்டது.

அவன் கத்தவில்லை. ஏதோ ஞாபகம் வந்தவன் போல நிமிர்ந்தான், அப்படியே பின்னால் சரிந்தான். கிட்டார் அவனிடமிருந்து கழன்று ஸ்பீக்கரின் முன்னால் விழுந்தது. அங்கே கிடந்தபடி, யார் கையும் படாமல், அது ஊளையிட ஆரம்பித்தது. தன் சத்தத்தைத் தானே விழுங்கி, விழுங்க விழுங்கப் பெருத்து, மேலே மேலே ஏறியது. அப்படி ஒரு சத்தத்தை அந்த ஊர் கேட்டதில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது. விசில் பறந்தது. குடைகளைத் தூக்கி ஆட்டினார்கள். சால்வைக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தித் தட்டினார்.

அண்ணாச்சி பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார். ஊளை நின்றது. கைதட்டல் உடனே நிற்கவில்லை.

அண்ணன் போனபிறகு நான் மேடை ஏறவில்லை. மாமா வளைகுடாவுக்குத் திரும்பிப்போனார், தென்காசிப் பக்கம் வரும் விடுப்புகள் குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போயின. அந்தக் காந்தக் கட்டையிலா குறை? கட்டை அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நான் வெகுநாள் அதன் மேல் கோபப்படப் பார்த்தேன், கோபம் ஒட்டவில்லை.

இப்போது வீட்டில் எந்த மெஷினும் இரைவதில்லை. மிக்ஸியைத் தவிர எல்லாம் பூனை போல ஓடுகின்றன. கூடத்தில் மட்டும் பழைய டியூப்லைட் ஒன்று, சோக் கெட்டுப்போய், போட்டதிலிருந்து அணைக்கிற வரைக்கும் முனகிக்கொண்டிருக்கும். போன வாரம் ஒயரிங் பார்க்க வந்த பையன் ஏணியில் நின்றபடி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "என்னக்கா இது, தல வலிக்கலியா ஒங்களுக்கு? எல்இடி மாட்டிருதேன், சத்தமே இருக்காது" என்றான்.

"அது இரையட்டும்லே" என்றேன். "இரையுத வரைக்கும், அங்கன கரண்டு நிக்கின்னு தெரியும்லா."

அவன் சிரித்துக்கொண்டே ஏணியை மடக்கினான். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தபின், சுவிட்சைத் தொடாமல் போனான்.