பந்தக்காரன் வழக்கு

நசீர் போனில் கூப்பிட்டபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அறக்குளாத் துண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இன்று காலையில் வந்தது என்று அவன் சத்தியம் செய்துகொண்டிருந்தான். நசீர் தொண்டையைச் செருமினான். பிறகு, "மூர்த்தி, எமல்டாக்கா மவுத்தாப் போயிட்டாங்க" என்றான். நான் மீனை வாங்காமல் நடந்தேன். மீன்காரன் பின்னால் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு விலையைக் குறைத்தான். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவன் என்ன செய்வான், பாவம். எனக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் எப்போதும் கோபம்தான் வரும்.

எமல்டா அன்ரனை நீங்கள் அறிவீர்கள். கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு அவர் ஞாயிறு பூசையில் முன்வாங்கில் இருக்கும் மனுசி. கோட்டைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு, கப்பல் கொம்பனி ஒன்றில் பிழையே விடாத ரைப்பிஸ்ட். புத்தகம் வாசிக்கிற எங்களுக்கோ அவர் 'பந்தக்காரன் அக்கா'. அந்தப் பெயர் ஏன் வந்தது என்று எங்கள் வாசகர் கூட்டத்தில் அண்மையில் சேர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு காலத்தில் ஆறு பாகங்களில் வந்த ஒரு மாயக் கதை எங்களைப் பிடித்து ஆட்டியது. அரசர்கள், மந்திரவாதிகள், பேசும் மலைகள், முடியாத போர். ஒவ்வொரு பாகமும் இந்தியாவிலிருந்து வந்து வெள்ளவத்தைக் கடையில் இறங்கும் நாளில் நாங்கள் வேலைக்கு லீவு போட்டோம். கதையை விட எங்களுக்குப் பிடித்தது அதில் இருந்த ஓட்டைகள். இரண்டாவது அரசி ஏன் உப்பைத் தொடுவதே இல்லை? முதலாம் பாகத்தில் குருடு என்று சொல்லப்பட்ட சாம்பல் குதிரை, நாலாம் பாகத்தில் எரியும் கோட்டையை எப்படித் திரும்பிப் பார்க்கிறது? இப்படி ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு வழக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் எமல்டா அக்கா வீட்டு முன்னறையில் நீதிமன்றம் கூடும். பால் விடாத பிளேன்ரீயும், மீன் வைத்த மாலு பணிஸும் கிடைக்கும்.

அக்காவின் கணவர் அன்ரன் துறைமுகத்தில் கிளார்க். பெரும்பாலும் அவர்தான் வழக்குப் போடுகிறவர். எதிர்த்தரப்பு நான். கொம்பனித்தெருவில் தையற்கடை வைத்திருந்த நசீரை நீதவானாக்கினோம். நடுநிலையானவன் என்பதற்காக அல்ல, யார் கதைத்தாலும் ஒரே மாதிரி நித்திரை கொள்வான் என்பதற்காக. சட்டம் ஒன்றே ஒன்றுதான், அதைப் போட்டவரும் அன்ரன் அண்ணைதான்: புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டும்தான் ஆதாரம். எழுதாததை ஒருவரும் நடந்ததாகச் சொல்லக்கூடாது. குதிரை வழக்கில் நான் வென்றே விட்டேன் என்று எழும்பி நின்றபோது, "குதிரை தலையைத் திருப்பினது எண்டுதான் எழுதியிருக்கு. கண்டது எண்டு எங்க எழுதியிருக்கு? புகையை மணந்து பாத்திருக்கும்" என்றார் மனுசன். நான் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

பந்தக்காரன் வழக்கும் அவர் போட்டதுதான். இரண்டாம் பாகத்தின் முடிவில், தோற்ற படை பனியில் ஒரு கணவாயைக் கடக்கிறது. முன்னால் தீப்பந்தம் பிடித்து நடப்பவனுக்குப் பெயர்கூட இல்லை. மறுபக்கம் வந்ததும், பின்னால் யாரோ விழுந்து கிடப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. "போய்வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் திரும்பிப் போகிறான். அவ்வளவுதான். மிச்ச நாலு பாகத்திலும் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்பது அன்ரன் அண்ணையின் கட்சி. அவன் செத்துவிட்டான், எழுதினவர் மறந்துவிட்டார் என்பது என் கட்சி. எமல்டா அக்கா என் பக்கத்துக் கதிரையில் இருந்து, "உயிரோட இருந்தா ஒருக்கா வந்து தலையைக் காட்டியிருக்க மாட்டானே?" என்று புருசனைச் சீண்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கிடக்கிறது.

நகரத்தில் குண்டு வெடித்த ஒரு கிழமை அது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடியிருந்தபோது வீடு வீடாகச் சோதனை வந்தது. அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். என்னுடையதில் கொழும்பில் பிறந்ததாக இருந்தது, திருப்பித் தந்தார்கள். அன்ரன் அண்ணையின் அட்டையில் வடக்கிலுள்ள மன்னார் இருந்தது. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர் கடித்த பணிஸை வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சேட்டு மாற்றிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று மனைவியிடம், "போட்டு வாறன்" என்றார். போய்வருகிறேன் என்று எல்லாரும் எல்லா நாளும் சொல்லும் சொல்தான் அது. எங்கள் ஆட்களில் ஒருவரும் 'போறன்' என்று சொல்லிப் படி இறங்குவதில்லை. ஆனாலும், இப்படி ஒரு இடத்தில் இந்தச் சொல்லை யாராவது கதையில் எழுதியிருந்தால், இதென்ன செயற்கை என்று நானே குதித்திருப்பேன்.

அவர் வரவில்லை. எமல்டா அக்கா ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை, நிற்காத முகாம் வாசல் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவரை நாங்கள் கொண்டுவரவில்லை. வீட்டு வாசலில் நின்று பார்த்த எங்களிடமே அதைச் சொன்னார்கள்.

மாதங்கள் போய், திடீரென்று ஒரு நாள் கூட்டத்துக்கு வரச்சொல்லி எமல்டா அக்கா ஆளனுப்பினார். நானும் நசீரும் பயந்து பயந்து போனோம். பிளேன்ரீ வந்தது, பணிஸ் வந்தது. அக்கா என் பக்கத்தில் இருந்த தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அன்ரன் அண்ணை வழக்கமாக இருந்து வாதாடும் பக்கத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். பந்தக்காரன் வழக்கை எடுக்கச் சொன்னார். நான் வேறு ஏதாவது பார்ப்போம் என்று மழுப்பினேன். அப்போது அவர் சொன்னது இன்றும் என்னைச் சுடுகிறது.

"மூர்த்தியர், நீர் எப்பவும் போல அடிச்சுக் கதைக்கோணும். எனக்குப் பாவம் பாத்து நீர் வாயைப் பொத்தினா, அவர் செத்திட்டார் எண்டு நீர் முடிவெடுத்தமாதிரி."

நான் என்ன செய்ய? எழும்பி வாதாடினேன். பனியைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன், பந்தத்து எண்ணெய் எவ்வளவு நேரம் எரியும் என்று சொன்னேன். "அவன் செத்திட்டான்" என்று முடித்தேன். அக்கா அசையவில்லை. "ஆர் கண்டது?" என்று மட்டும் கேட்டார். நசீர் அன்றைக்கு நித்திரை கொள்ளவில்லை. தீர்ப்பை ஒத்திவைத்தான். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள், எத்தனையோ தரம், சோதனைச் சாவடிகளில் பஸ்ஸால் இறங்கி ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், ஒரு மனுசியின் முகத்துக்கு நேரே நின்று, அவன் செத்துவிட்டான் என்று நான் வாதாடியிருக்கிறேன். உலகத்தில் இப்படி ஒரு வேலை வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. பிறகு வந்து சேர்ந்த இளம் வாசகர்கள், இந்த இரண்டு கிழடுகளுக்கும் ஒரு பந்தத்தில் இவ்வளவு வெறியா என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டோம்.

யுத்தம் முடிந்த பிறகு, காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். அக்காவோடு நானும் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்கள அதிகாரி நல்ல மனுசன், தண்ணீர் எல்லாம் கொடுத்தார், தனக்குத் தெரிந்த தமிழில் பக்குவமாகக் கதைத்தார். கையெழுத்து வைத்தால் அம்மாவுக்கு அலைச்சல் தீரும் என்றார். அக்கா அவரிடம் எங்கே, எப்போது, யார் கண்டது என்று ஞாயிற்றுக்கிழமைக் குரலிலேயே கேட்டார். அந்த மனுசன் படிவத்தைப் புரட்டினார். "தெரியாட்டில் எழுதாதேங்கோ, மாத்தயா" என்று சொல்லிவிட்டு அக்கா எழும்பினார்.

கடைசியில், அந்தக் கதையை எழுதின எழுத்தாளரே கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம், சனம் நிறைந்திருந்தது. கேள்வி நேரம் வந்ததும் அக்கா எழும்பி நின்றார். செத்துவிட்டான் என்று இவர் சொன்னால் என்ன செய்வது என்று நான் அக்காவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன். பந்தக்காரன் என்ன ஆனான் என்று அக்கா ஒரு சொல்லும் தடக்காமல் கேட்டு முடித்தார். மேடையில் இருந்தவர் யோசித்தார். "எந்தப் பந்தக்காரன்மா? ஆறு பாகம் எழுதியிருக்கேன், எல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றார். சபை கொல்லென்று சிரித்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆனால் எழும்பிப் போய் இரண்டு கேட்டால் என்ன என்று எனக்கு இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா யன்னலோரம் இருந்தார். நான் ஆறுதல் சொல்லச் சொல் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

"அவருக்கு அந்தாளையே தெரியாது, மூர்த்தியர். தெரியாதவர் எப்பிடிக் கொல்லுறது?"

இந்த மனுசியோடு வாதாடி வெல்லலாம் என்று நான் அத்தனை வருடம் முயன்றிருக்கிறேன்.

போன மாதம் அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பின்னேரம், பார்வையாளர் நேரம். அந்த உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை. கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் குனியச் சொன்னார். "நீர் வெண்டிட்டீர் எண்டு வைப்பமே, மூர்த்தியர்? எனக்குக் களைச்சுப் போச்சு" என்றார்.

வாழ்க்கை முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்த தீர்ப்பு அது. ஓம் என்று சொல்லியிருந்தால் மனுசி நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. என் வாயில் வந்தது வேறு. "ஆதாரம் காணாது அக்கா" என்றேன். அவர் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்து, வாய் கொஞ்சம் கோணிச் சிரித்து, "விசரன்" என்றார். என்னோடு கதைத்த கடைசிச் சொல் அதுதான்.

செத்தவீட்டுக்கு வர முடியாத அவருடைய தங்கை ஸ்டெல்லா கனடாவிலிருந்து போன் எடுத்தா. பத்திரிகைக்கு மரண அறிவித்தலை நான்தான் எழுத வேண்டும் என்றா. உங்களுக்குத் தெரியும், எங்கள் அறிவித்தல்களில் உறவுகளின் பெயரை எழுதும்போது, முன்னரே போனவர்களுக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட வேண்டும். தகப்பன், தாய், எல்லாருக்கும் போட்டேன். அன்ரன் என்ற பெயரில் வந்து பேனை நின்றுவிட்டது. ஸ்டெல்லா போனில் அழுதா. "அக்காவே கடைசியில களைச்சுப் போனா. இனியாவது ரெண்டு பேரையும் ஒண்டாச் சேத்து விடுங்கோ, அண்ணை. காலஞ்சென்ற எண்டு போடுங்கோ." அவ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பார்க்கிறேன் பிள்ளை என்று மட்டும் சொன்னேன்.

பத்திரிகைக் கந்தோரில் அறிவித்தல் எடுக்கும் பிள்ளை நான் கொடுத்ததை உரத்து வாசித்தது. அன்ரனின் அன்பு மனைவியும் என்ற இடத்தில் நிறுத்தி, "அங்கிள், ஹஸ்பண்ட் இருக்கிறாரா?" என்று கேட்டது. தெரியாமல் கேட்கிறது அந்தப் பிள்ளை, ஆனால் நசீர்கூட அத்தனை வருடத்தில் அவ்வளவு நேராகக் கேட்டதில்லை. "எழுதியிருக்கிறதை மட்டும் போடுங்கோ, பிள்ளை" என்றேன். போட்டார்கள். அந்தச் சொல் இல்லாமல் வந்தது. ஸ்டெல்லா அதன் பிறகு எடுக்கவில்லை. கோபம் ஆறும்போது எடுப்பா.

எமல்டா அக்கா எனக்கு விட்டுப்போனது வழக்கில் அவருடைய பக்கத்தைத்தான். எதிர்த்தரப்பு என்று இனி ஒருவரும் இல்லை. செத்தவீட்டில் அன்றைக்கு, ஒரு முதியவர் மடித்த பத்திரிகையோடு வந்தார். துறைமுகத்தில் அன்ரனோடு வேலை செய்தவராம், கனகாலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவராம். அறிவித்தலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பெட்டிக்குக் கிட்டப் போய்க் கும்பிட்டார், பிறகு திரும்பி ஒவ்வொரு முகமாகத் தேடினார். "அன்ரன் எங்க? ஒருக்காக் கையைப் பிடிச்சிட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றார். நசீர் என்னைப் பார்த்தான், பழைய நீதவான் மாதிரி.

"இன்னும் வரேல்லை, ஐயா" என்றேன்.

அவர் தலையாட்டினார். வாசல் தெரிகிற மாதிரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.