அப்பா பேரில் ஒரு கார்

அந்தப் பழைய கார் பாயின் கடைக்குப் பின்னால் நின்றிருந்தது. ஈப்போவில் சாப்பாட்டுக்கடை நடத்துகிற அவர் புது வண்டி எடுத்ததும் இதை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ரோட்டெக்ஸ் என்கிற சாலை வரி முடிந்து வெகு நாளாகியிருந்தது. பெயர் மாறி, காப்புறுதி எடுத்து, ரோட்டெக்ஸும் கட்டிய பிறகுதான் அதைச் சாலையில் இறக்க முடியும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால் இந்த வேலைகள் எல்லாம் என் தலையில். சமான் அபராதப் பாக்கி இல்லையென்று பார்த்தேன். லாரியில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்த் திரும்பினேன். காப்புறுதியை அப்பா பேரில் எடுத்தேன்.

அப்பாவுக்குக் கார் ஓட்டும் உரிமம் கிடையாது. ஆனாலும், "ஓட்டுறது நீ, வண்டி எம் பேருல இருக்கட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். காரணம் எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர் கணக்கெழுதும் கிராணி ஒருவர்தான். அப்பா அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். கிராணி மறுக்கவில்லை. "பின் சீட்டுல உரச்சாக்க விரிச்சுட்டுப் படுக்க வை" என்று மட்டும் சொன்னார். அப்பா சாக்கை விரித்து அம்மாவைக் கிடத்தினார். பத்து காஜா டவுன் மருத்துவமனை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு உயிர் இல்லை. உடலை இறக்கிய பிறகு கிராணி அப்பாவைக் கூப்பிட்டார். "சாக்க எடுத்துக்கோ." அப்பா எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அம்மாவின் பின்னால் நடந்தார்.

இதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒருமுறை, சோற்றைப் பிசைந்துகொண்டே, "சாக்கு விரிக்காம ஒரு வண்டியில ஏறி உக்காரணும்டா, அது நம்ம வண்டியா இருக்கணும்" என்றார். லயத்து வீடு தோட்டத்துடையது. மோட்டார் சைக்கிள் சித்தப்பா பேரில். அப்பா பேரில் எதுவுமே இருந்ததில்லை.

இப்போது அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். அடிக்கடி பத்து காஜாவுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும். பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டபிறகு ஆட்கள் குறைந்து, தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸும் நின்றுவிட்டது. பழம் ஏற்றும் லாரியில் தொற்றிக்கொண்டு போய் வந்தார். கார் எங்களுக்கு அவசரம்.

பெயர் மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போவதற்கு முந்தின நாளே அப்பா ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் நான் வாடகைக்கு இருக்கும் அறைக்கு வந்துவிட்டார். சாயங்காலம் காரைப் பார்க்கப் போனோம். கண்ணாடி மூலையில் பழைய ரோட்டெக்ஸ் தாள் வெளுத்துப்போய் ஒட்டியிருந்தது. அப்பா அதை பிளேடால் சுரண்டினார். மிச்சமிருந்த பசையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து எடுத்தார்.

"இப்பல்லாம் தாள் ஒட்ட வேணாம்பா, போன்லயே இருக்கும்" என்றேன்.

"இருக்கட்டும். எடம் சுத்தமா இருக்கணும்லா."

மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து அவர் வெளியே வர நெடுநேரமாயிற்று. பால்வெட்டிய காலத்துக் கறை அவர் விரல்களை விட்டுப் போனதே இல்லை. அதன்மேல் செம்பனைக் கறை. குதிகால் தேய்க்கும் கல்லாலும் எலுமிச்சம்பழத்தாலும் அவ்வளவையும் தேய்த்துவிட்டிருந்தார். விரல் நுனிகள் வெந்தவைபோலச் சிவந்திருந்தன. "அரசாங்க மிசின்ல கை வைக்கணும். அழுக்குக் கையோட போனா என்னா நெனப்பாங்க?" என்றார். பளிச்சென்று இருக்கிறது என்று நானும் சொன்னேன்.

பாய் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். அன்று சாயங்காலம் பினாங்கில் விமானம் ஏறி, தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறார். விற்பவர், வாங்குபவர் இருவரும் பெருவிரல் வைத்தால்தான் பெயர் மாறும். பாயின் விரலை இயந்திரம் உடனே ஏற்றுக்கொண்டது. அப்பா வைத்தார். சிவப்பு விளக்கு. முகப்பில் இருந்த மலாய்ப் பெண், "லாகி செகாலி, பாக்சிக்" என்று மறுபடி வைக்கச் சொன்னாள். மறுபடியும் சிவப்பு. ஈரத்துணி கொடுத்தாள். மற்ற விரலை வைக்கச் சொன்னாள். அப்பா விரலைச் சட்டையில் தேய்த்தார், வேட்டியில் தேய்த்தார்.

"அண்ணே, வெளக்கு தேய்க்கிற மாதிரி தேய்க்காதீங்க, பூதம் கீதம் வந்துறப் போவுது" என்றார் பாய்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மறுபடி விரலை வைத்தார். சிவப்பு.

அந்தப் பெண் எட்டி அவர் விரலைப் பார்த்துவிட்டு, ரேகையே இல்லை என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள். பால் உறைய ஊற்றிய ஆசிட்டில் ஏற்கெனவே தேய்ந்துபோனது. மிஞ்சியதை அன்று காலையில் கல் கொண்டுபோய்விட்டது. அடையாள அட்டை அலுவலகத்தில் சான்றுக் கடிதம் வாங்கி வாருங்கள், இன்னொரு நாள் செய்யலாம் என்றாள்.

"இன்னொரு நாளுன்னா நான் இருக்க மாட்டேனே தம்பி" என்றார் பாய். "ஊருக்குப் போனா திரும்ப ஒரு மாசமாவது ஆவும்."

"பரவால்லங்க பாய், காத்திருக்கோம்" என்றேன்.

அப்பா தன் காலைப் பார்த்தார். புண்ணின் கட்டுத் துணியில் மஞ்சளாக நீர் கசிந்திருந்தது. "ஒரு மாசம் லாரியில போவ முடியாதுடா" என்றார். பிறகு முகப்பைப் பார்த்து, தனக்குத் தெரிந்த மலாயில், "அனாக் சாயா" என்று என்னைக் காட்டினார். என் மகன்.

"வேணாம்பா."

"வெய்யிடா கைய."

எதிர்க்கடைக்கு ஓடிக் காப்புறுதியை என் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். எத்தனையோ வருடம் பேனா மட்டுமே பிடித்த என் விரலுக்கு உடனே பச்சை விளக்கு எரிந்தது. ரோட்டெக்ஸும் அங்கேயே முடிந்தது. என் போனில் வந்துவிட்டது. அப்பாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "எங்க இருக்கு பேரு?" என்றார். காட்டினேன். தலையாட்டினார்.

தோட்டத்துக் கோயில் வாசலில் காரை நிறுத்தினோம். பூசாரி சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கண்ணாடிக்குச் சந்தனம் பூசினார். பழைய தாளைச் சுரண்டிய இடம் மற்ற கண்ணாடியைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"அண்ணே, யாரு பேருக்கு அர்ச்சன?"

நான் அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "சாமி பேருக்கே பண்ணுங்க."

மறுநாள் காலை கட்டு மாற்றப் பத்து காஜாவுக்குக் கிளம்பினோம். முன் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அப்பா வீட்டுக்குள் திரும்பிப் போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். உரச்சாக்கு. முன் கதவைச் சாத்திவிட்டுப் பின் கதவைத் திறந்தார்.

"என்னப்பா இது? நம்ம வண்டிப்பா."

"புண்ணுத் தண்ணி ஒழுகுதுல்ல" என்றார். சுருக்கம் இல்லாமல் நீவி நீவிச் சாக்கை விரித்தார். "ஒன் வண்டி. அழுக்காயிறப் போவுது."

நடைபாதையில் செருப்பைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு, ஏறலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.