காது கேட்காத தந்திக்காரன்

செங்கல்பட்டு தபால் ஆபீசில் நான் தந்தி அனுப்புகிறவன். என் சிநேகிதன் மாமல்லபுரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். எழுபதுகளில் எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம்: வீட்டிலேயே வயர்லெஸ் வைத்து உலகத்தோடு பேச லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்குப் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் பரீட்சையும் உண்டு.

"பேசறதுக்கு வாய் கீது அண்ணாத்த, தட்டறதுக்கு இன்னா அவசியம்?" என்பான் அவன். நான் விடமாட்டேன். இரைச்சலில் குரல் கரைந்துபோகும், கட்டுக்கடகட்டு என்ற தந்தித் தட்டல் மட்டும்தான் கரை சேரும், தட்டத் தெரியாதவனுக்கு லைசென்ஸே தரக்கூடாது என்பேன். பன்னிரண்டு வருஷம் தட்டியவன் என்ற திமிர்தான், வேறென்ன.

மெட்ராசில் இருவருக்கும் பரீட்சை. காதில் ஹெட்போனை மாட்டினார்கள். 'கீ கீ' என்று விசில் சத்தம் வந்தது. எங்கள் ஆபீஸ் கருவி விசிலடிக்காது. ஒரு பித்தளைக் கை மேலும் கீழும் அடித்துக்கொள்ளும். சத்தம் எடுப்பாகக் கேட்க அதன் பின்னால் ஒரு சிகரெட் டப்பாவைச் செருகி வைப்போம். இரண்டு தட்டலுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் எங்களுக்கு எழுத்து. விசிலுக்குள் அந்தத் தட்டலைத் தேடிக்கொண்டே இருந்தேன். தாளில் நாலு எழுத்து விழுந்தது, அதிலும் இரண்டு தப்பு.

தோல்விக் கடிதம் வந்ததும் வெட்கத்தோடு அவன் கடைக்குப் போனேன். தனக்கும் அதே கதிதான் என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மூன்று மாதம் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் போனேன். விசிலடிக்கும் சின்னப் பெட்டி ஒன்றை அவனே செய்தான். பக்கத்துப் பட்டறையில் சிற்பிகள் உளியடித்தால் என் காது அங்கே ஓடிவிடும், உளிச் சத்தத்தில் எழுத்துத் தேடும். அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். ஆளுக்கு ஒருமுறை தட்டுவோம். என்னைவிட அவன்தான் அதிகம் தப்பு செய்தான். அவனைத் திட்டித் திருத்துவதிலேயே எனக்கு விசில் பழகிவிட்டது.

மறுபடியும் பரீட்சை. இருவரும் ஒன்றாகப் போனோம். குமாஸ்தா பட்டியல் படித்தார், என் பெயர் இருந்தது, அவன் பெயர் இல்லை. விட்டுவிட்டீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவர் போன தடவையே பாஸ் ஆச்சே என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஒண்டியா குந்திகினு தட்டுனா பேஜாரா இருக்கும்ல அண்ணாத்த," என்றான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

லைசென்ஸுக்கு மோர்ஸ் வேண்டுமா என்று யாராவது கேட்டால் கட்டாயம் வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அவனிடம் மட்டும் அந்த வாதத்தை மறுபடி எடுத்ததில்லை. வேண்டாம் என்று சொன்னவன், தனக்குத் தேவையே இல்லாமல் மூன்று மாதம் எனக்காகத் தட்டியிருக்கிறான்.