சொடக்கு வேண்டாம்

மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடினால் பின்னால் நிற்பவன். என் கழுத்தைப் பற்றி எழுதி உங்களைப் படிக்க வைப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் எனக்கு முடிவெட்டும் அண்ணன், செமோர் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்து ஆள். தோட்டம் போய் வீடுகள் வந்துவிட்டன. பழைய ஆட்கள் கூடுவது அவர் கடையில்தான். முடி வெட்டியதும் தாடையைப் பிடித்து, கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார். யாரையும் கேட்கமாட்டார். எனக்கு அது பிடிக்காது. கூச்சத்தில் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

போன மாதம் சொடக்கு எடுத்த அன்று மாலை, தேநீர்க் குவளை நழுவி விழுந்தது. வலது கை சற்று நேரம் எனக்கு அடங்கவில்லை. பிறகு தானாகச் சரியானது. ஆனாலும் கிளினிக்குக்குப் போய் சொடக்கு எடுத்ததைச் சொன்னதும், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே கழுத்து இரத்தக்குழாயை ஸ்கேன் செய்தார்கள். ஒரு மலாய்ப் பெண் குளிர்ந்த பசையைத் தடவி, சிறிய கருவியைக் கழுத்தின் மேல் மெல்ல நகர்த்தினார். மூளைக்குப் போகும் இரத்தம் திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடியது. கழுத்தென்றால் எலும்பு என்றே அதுவரை நினைத்திருந்தேன். என் தலையைத் திருப்ப வேண்டியபோது அவர் கையை நிறுத்தி, "பொலே?" என்று கேட்டார். திருப்பலாமா என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"குழாய் கிழியல அங்கிள்," என்றார் டாக்டர். "கொஞ்சம் கொழுப்பு படிஞ்சிருக்கு, மருந்து தரேன். ஆனா இனிமே யாரையும் கழுத்த முறுக்க விடாதீங்க. கிழிஞ்சா பக்கவாதம்தான்."

வேறு கடைக்குப் போகச் சொன்னாள் மனைவி. நான் ஏன் மாற வேண்டும்? அதே கடைக்குப் போய், உட்காரும்போதே சொன்னேன்.

"அண்ணே, சொடக்கு வேணாம். ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

"ஏன்லா, உன் கழுத்து என்ன கண்ணாடியா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "ஸ்கேன் எடுத்ததுல பயந்துட்டான் மச்சான்!" என்றான் ஒருவன். எனக்கு முகம் சுட்டது.

முடி வெட்டி முடிந்தது. அண்ணனின் கை என் தாடைக்கு வந்தது. "ஒண்ணே ஒண்ணு, மெதுவா எடுக்குறேன்லா."

அவர் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தள்ளிவிட்டு, போர்த்திய துணியோடு எழுந்து நின்றேன்.

"வேணாம்னு சொன்னேன்ல? இது என் கழுத்து. என்னக் கேக்காம தொடாதீங்க. கேட்டாலும் வேணாம்தான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இதுக்குப் போயி இவ்வளவு கோவமா?" என்று முனகியபடி அண்ணன் துணியை அவிழ்த்தார்.

"அடுத்த மாசமும் இங்கதான் வாரேன்," என்றேன். "அப்பவும் இதையேதான் சொல்லுவேன்."

மறுநாள் வலது பக்கக் கிருதா இடதைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருப்பதாக மனைவி சொன்னாள். மருந்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.