எட்டுப் படத்துக்கும் ஒரே எண்

தோழிகளே, காலில் விழுகிறேன், நாம் மாறி மாறி எழுதும் இந்த நோட்டை நம் நால்வரைத் தவிர யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவின் அலுவலகப் படங்களில் வெளியாள் கை பட்டது தெரிந்தால் அவர் வேலை போய்விடும்.

அப்பா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைபவர். காலையில் கொடுக்க வேண்டிய எட்டுப் படங்களோடு இன்று வீட்டுக்கு வந்தார். ஒவ்வொன்றின் மூலைக் கட்டத்திலும் ஒரே விவரத்தை எழுத வேண்டும்.

நான் அதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, அதை அடியில் வைத்தால் எழுத்து மேலே தெரியும் அந்த மெல்லிய படத்தாள்கள் எட்டிலும் மையால் படியெடுத்தேன். அரை மணி நேரம்தான்!

"இன்னாம்மே, வூட்டுக்குள்ள அச்சாபீஸ் வச்சிகினுகீறியா?" என்று அப்பா சிரித்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

படுத்த பிறகுதான் உறைத்தது. சீட்டில் 'படம் எண் 1' என்றும் எழுதியிருந்தேன். எட்டுமே ஒன்றாம் படம்!

இப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடால் மையைச் சுரண்டுகிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது. உங்களில் என்னைவிடப் பெரிய மண்டு யார்? அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.

ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள். அப்பா குரல்.

"தொறம்மே. எனுக்கும் இப்பதான் ஒறைச்சிது. இன்னொரு பிளேடு கொண்டாந்துகீறேன். ஒண்ணாம் படத்த வுட்டுடு. நாலு நீ சொரண்டு, மூணு நான்."